எஞ்சின் மாற்றிய பின் செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஞ்சின் மாற்றிய வண்டியில் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்கிவிட்டால், பட்டறையில் முதலில் பழி விழுவது செல்ஃப் மோட்டார் மீதுதான். அதைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கட்டைகளை மாற்றுவார்கள். அப்போதும் எடுக்கவில்லையென்றால் வேறு மோட்டார் வாங்கச் சொல்வார்கள். அதுவும் எடுக்காதபோதுதான் மற்ற இடங்களைப் பார்க்கத் தொடங்குவார்கள். என் பழைய டீசல் ஜீப்புக்கு அதே வகை எஞ்சினைப் பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கிப் பொருத்தியபோது இந்த வரிசை முழுவதையும் நான் கடந்தேன். கடைசியில் பழுது மோட்டாரில் இல்லை. எஞ்சின் மாற்றத்தின்போது கழற்றப்படுவன கேபிள்கள், எர்த் இணைப்புகள், ஃப்ளைவீல் (எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்), பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), தூண்டு ஒயர் (சாவியிலிருந்து செல்ஃபுக்கு வரும் சிறிய ஒயர்) ஆகியவை. பழைய எஞ்சினை முந்தின வாரம் வரை நன்றாகச் சுற்றிய மோட்டார் திடீரென்று கெட்டுப்போவதைவிட, கழற்றி மாட்டிய இந்த இடங்களில் ஒன்று சரியாகச் சேராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே செலவும் உழைப்பும் குறைந்த சோதனையில் தொடங்கி, கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டிய சோதனையில் முடியும்படி கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இங்கே கூறப்படும் அளவுகள் 12 வோல்ட் மின்னமைப்பும், மோட்டாரின் முதுகிலேயே சொலினாய்டும் (சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்), கையால் மாற்றும் கியரும் உள்ள வண்டிகளுக்கு உரியவை. எடுத்துக்காட்டாக நான் மனத்தில் வைத்திருப்பது 2.5 லிட்டர் அளவுள்ள நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கும் இதே முறை பொருந்தும். மின்னோட்டத்தின் அளவு மட்டும் குறைவாக இருக்கும்.

1. தொடங்குமுன் வாங்க வேண்டியவையும் அவற்றின் செலவும்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கட்டாயம் தேவை. 500 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். மீட்டரின் முனை எட்டாத இடங்களுக்கு நீளமான ஒயர்த் துண்டுகள் இரண்டும், முதலைவாய்க் கிளிப்புகள் நான்கும் வாங்கிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளலாம். தடிமனான ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி இருந்தால் பாதிச் சோதனைகளை மீட்டர் இல்லாமலேயே முடித்துவிடலாம்.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. ஆனால் வாங்குவதாக இருந்தால், அது நேர் மின்னோட்டத்தை (DC) அளக்கும் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பெரும்பாலானவை வீட்டு மின்சாரத்தை மட்டுமே அளக்கும். அவற்றைச் செல்ஃப் கேபிளில் மாட்டினால் பூஜ்யம் காட்டும், அதைப் பார்த்து மோட்டாருக்கு மின்னோட்டமே போகவில்லை என்று நீங்கள் தவறாக முடிவு செய்வீர்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சில விதிகளை ஒவ்வொரு முறையும் கடைப்பிடியுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சோதனையின்போது எஞ்சின் ஓடத் தொடங்கிவிடக் கூடாது என்பதால், டீசல் எஞ்சினில் நிறுத்தும் கேபிளை இழுத்துக் கட்டுங்கள் அல்லது எரிபொருளை நிறுத்தும் சொலினாய்டின் ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் எஞ்சினில் காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். எதையாவது கழற்ற வேண்டுமென்றால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியாக மாட்டுங்கள். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் இயக்க வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் ஓரிரு நிமிடம் ஆறவிடாவிட்டால், நல்ல மோட்டாரும் சோதனையிலேயே கருகிப்போகும்.

2. ஒலியைக் கேட்டுப் பழுதைப் பிரியுங்கள்

ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் எஞ்சின் பக்கம் நின்று கேளுங்கள். ஒலியே இல்லையென்றால் தூண்டு ஒயரில் மின்சாரம் வரவில்லை அல்லது சொலினாய்டு செத்துவிட்டது. நேராக 6ஆம் படிக்குப் போகலாம். ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்துக்கொண்டால், சொலினாய்டு உள்ளே இழுத்த கணத்திலேயே வோல்ட் சரிந்து விட்டுவிடுகிறது என்று பொருள்; பேட்டரியோ பெரிய கேபிள்களோ எர்த்தோ காரணமாக இருக்கும். ஒரே ஒரு அழுத்தமான ‘டக்’ மட்டும் கேட்டால் எர்த், சொலினாய்டின் உள் தொடுமுனை, மோட்டார், இறுகிய எஞ்சின் என்று நான்கு இடங்களில் எதுவாகவும் இருக்கலாம். மற்ற ஒலிகளைவிட இதுவே ஆளை அதிகம் அலைக்கழிப்பது.

மோட்டார் மட்டும் ‘விர்’ரென்று சுற்றி எஞ்சின் அசையவில்லையென்றால், பினியன் (மோட்டாரின் முனையில் உள்ள சிறு பல்சக்கரம்) ரிங் கியரை (ஃப்ளைவீலின் விளிம்பில் உள்ள பல்வளையம்) எட்டவில்லை அல்லது பினியனின் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. ‘கரகர’வென்று பல் அரைக்கும் ஒலி வந்தால் உடனே நிறுத்துங்கள். அது பொருத்தக் கோளாறு; மேலும் மேலும் முயன்றால் ரிங் கியர் போய்விடும், அதை மாற்றுவதற்குக் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் இறக்க வேண்டியிருக்கும்.

சாவியைத் திருப்பும்போது டாஷ்போர்டு விளக்குகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். விளக்குகள் முற்றிலும் மங்கிவிட்டால், பேட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது இறுகிய எஞ்சினை அசைக்க முயன்று மோட்டார் மின்சாரத்தை வாரிக் குடிக்கிறது. விளக்குகள் சிறிதும் மங்காமல் ‘டக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் மோட்டாருக்கு மின்னோட்டம் போகவே இல்லை.

3. எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்று பாருங்கள்

மின்சாரத்தைப் பற்றிய எந்தச் சோதனைக்கும் முன்பு இதைச் செய்துவிடுங்கள். எஞ்சினின் முன்முனையில் உள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். டீசல் எஞ்சினில் கம்ப்ரஷன் வரும் இடங்களில் கை கனக்கும். சற்றுப் பொறுத்தால் கசிந்து இறங்கும். அது இயல்பு. சுற்று முழுவதும் ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தாலோ, ஓரிடத்தில் இரும்பில் இரும்பு முட்டியதுபோல் நின்றாலோ, செல்ஃப் மோட்டாரை மறந்துவிட்டு எஞ்சினைப் பாருங்கள்.

எஞ்சின் மாற்றத்தோடு சேர்ந்து வரும் காரணங்கள் சில உண்டு. ஃப்ளைவீல் போல்ட்டுகள் வேறு எஞ்சினுடையதாக இருந்து சற்று நீளமாக இருந்தால், அவற்றின் நுனி பின்புறம் எஞ்சின் பிளாக்கில் உரசும். கிளட்ச் தட்டு முன்பின்னாகத் திருப்பி மாட்டப்பட்டிருந்தால் அதன் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும். கியர்பாக்ஸ் தண்டு நுழையும் பைலட் பேரிங் அல்லது புஷ் அளவு மாறியிருந்தால், பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்க இறுக்க எஞ்சின் இறுகும். இந்தக் கடைசிக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது: பெல் ஹவுசிங் போல்ட்டுகளைச் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் தளர்த்தியபின் எஞ்சின் இலகுவாகச் சுற்றினால் அதுதான் இடம். தானியங்கிக் கியர்பாக்ஸ் உள்ளவர்கள், டார்க் கன்வெர்ட்டர் முழு ஆழத்துக்கு உட்காரும் முன்பே போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்களா என்று கேளுங்கள். அப்படி இறுக்கினால் உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் உடையும்.

கிடங்கில் திறந்தபடி கிடந்த எஞ்சினாக இருந்தால், சிலிண்டருக்குள் மழைநீரோ டீசலோ தேங்கியிருக்கலாம். திரவத்தை அமுக்க முடியாது என்பதால் எஞ்சின் ஓரிடத்தில் திடமாக நிற்கும். அந்த நிலையில் வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ எடுக்க முயல்வது மிகப் பெரிய தவறு; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹீட்டர் பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் தேங்கியது வெளியே வந்துவிடும். அப்போது அந்தத் துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

4. பேட்டரியைச் சோதியுங்கள்

எஞ்சின் வேலை நடந்த நாட்களில் பேட்டரி மூலையில் சும்மா கிடந்திருக்கும். சார்ஜ் செய்து முடித்த உடனே அளந்தால் கூடுதல் வோல்ட் காட்டி ஏமாற்றும் என்பதால், முகப்பு விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழப் பாதி. 12 வோல்ட்டோ அதற்குக் கீழோ இருந்தால் சார்ஜ் செய்யாமல் அடுத்த சோதனைக்குப் போக வேண்டாம், ஏனென்றால் பலவீனமான பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

பிறகு செல்ஃபை இயக்கும்போதே பேட்டரியின் ஈயத் தூண்களின் மீது நேரடியாக மீட்டரை வைத்து அளங்கள்; கேபிளின் கிளாம்ப் மீது வைக்காதீர்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. அதே கணத்தில் 11.5 அல்லது 12 வோல்ட்டில் அசையாமல் நின்றால், நல்ல பேட்டரியிலிருந்து மின்னோட்டம் வெளியேறவே முடியாமல் வழியில் ஏதோ தடுக்கிறது என்று பொருள். அந்த அளவைக் கண்டால் அடுத்த படியில்தான் உங்கள் பழுது இருக்கிறது.

சிறிய பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்ஃப் 100 முதல் 150 ஆம்பியர் வரை இழுக்கும், 2.5 லிட்டர் டீசலுக்கு 250 ஆம்பியருக்கு மேல் போவது இயல்பு. முன்பிருந்ததைவிடப் பெரிய எஞ்சின் வைத்தவர்கள் பழைய பேட்டரியையே விட்டுவைத்தால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும் செல்ஃப் முனகும். பேட்டரி விற்கும் கடைகளில் பளுச் சோதனைக் கருவி இருக்கும். பெரும்பாலும் காசு வாங்காமல் சோதித்துத் தருவார்கள்.

5. எர்த்தும் பெரிய கேபிளும்: வோல்ட் இழப்புச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பெரும்பாலானவர்கள் கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மீட்டரை ஓம் பக்கமோ ‘பீப்’ ஒலி வரும் பக்கமோ திருப்பி இரு முனைகளையும் தொட்டுப் பார்க்கிறார்கள். செல்ஃப் கேபிளுக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஓர் இணைப்பில் 0.01 ஓம் தடை மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 250 ஆம்பியர் பாயும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 2.5 வோல்ட் வீணாகும். மோட்டாருக்கு மிஞ்சுவது எட்டு வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் சாதாரண மீட்டரின் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் அளவுக்குக் காட்டும். 0.01 ஓம் அதன் கண்ணுக்குப் படவே படாது. கேபிளில் ஓர் இழை மட்டும் மிச்சமிருந்தாலும் ‘பீப்’ ஒலி வந்துவிடும். ஆகவே மின்னோட்டம் பாயும்போதே, வோல்ட் எங்கே தொலைகிறது என்று அளக்க வேண்டும்.

மீட்டரை நேர் மின் வோல்ட்டில், 20 என்ற அளவில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும், மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் பெயிண்ட் இல்லாத உடலிலும் வைத்து, உதவியாளரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் எர்த் பாதையில் வீணாகிறது. என் ஜீப்பில் அது ஏறத்தாழ 2 வோல்ட் காட்டியது. விற்ற கடையில் எஞ்சினுக்கு அழகாக வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். செல்ஃப் உட்காரும் முகம், எர்த் ஒயர் மாட்டும் போல்ட் துளை என்று எதையும் விட்டுவைக்காமல் அடித்திருந்தார்கள். செல்ஃப் மோட்டாருக்குத் தனியாக நெகட்டிவ் ஒயர் கிடையாது. அதன் உடல் தொடும் இரும்பின் வழியாகத்தான் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த முகத்தில் பெயிண்டோ கேஸ்கெட் பசையோ இருந்தால் பாதை அடைபடும்.

எஞ்சின் மாற்றத்தில் மிக எளிதாக மறந்துபோவது எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் பட்டை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டுகளின் மீது உட்கார்ந்திருப்பதால், பட்டை இல்லாவிட்டால் அதற்கும் சேஸிஸுக்கும் நேரடி மின் தொடர்பு இல்லை. அப்போது செல்ஃபின் மின்னோட்டம் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும்; ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் இணைப்புகள் என்று எதன் வழியாகவும் போகும். செல்ஃபை இயக்கியபின் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை சூடாக இருந்தாலோ அங்கிருந்து புகை வந்தாலோ வேறு சோதனையே தேவையில்லை.

மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடலிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். உடனே எடுத்தால் எர்த்தான் பழுது. சரிசெய்வதற்குச் செல்ஃபின் முகத்தையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேயுங்கள், பல் வாஷர் போட்டுப் பட்டையை இறுக்குங்கள், இறுக்கியபின் துருப் பிடிக்காமலிருக்க வெளியே மட்டும் வேசலின் தடவுங்கள். புதிய எர்த் பட்டைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது பாசிட்டிவ் பக்கம். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலும், மறு முனையைச் சொலினாய்டில் பெரிய கேபிள் வந்து சேரும் திருகாணியிலும் வைத்துச் செல்ஃபை இயக்குங்கள். பல வண்டிகளில் இதன் எண் 30. இதில் 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது. அதிகமாக இருந்தால் ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியாக அளங்கள்: தூணுக்கும் கிளாம்ப்புக்கும் இடையில், கிளாம்ப்புக்கும் கேபிளுக்கும் இடையில், கேபிளுக்கும் அதன் முனையில் உள்ள லக் வளையத்துக்கும் இடையில். ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் தென்பட்டால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, அந்தத் திருகாணிக்கும் சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் இரண்டாவது பெரிய திருகாணிக்கும் இடையில் அளங்கள். செல்ஃப் சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ‘டக்’ என்று அடித்தபிறகும் அங்கே 12 வோல்ட் அப்படியே நின்றால் சொலினாய்டின் உள்ளே இருக்கும் செப்புத் தொடுமுனைகள் கருகிவிட்டன. மாறாக, மோட்டாருக்குள் போகும் திருகாணிவரை நல்ல வோல்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, அப்படியும் சுற்றவில்லையென்றால்தான் பழுது மோட்டாருக்குள் இருக்கிறது.

கேபிளின் தடிமனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய எஞ்சினில் செல்ஃப் மறுபக்கத்தில் இருந்தால் பழைய கேபிள் எட்டாது, புதிதாக வாங்க நேரும். 16 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் 2 மீட்டர் நீளத்துக்கு 300 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 0.65 வோல்ட் இழப்பு ஏற்படும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அது 0.3 வோல்ட் அளவுக்குக் குறையும். டீசலுக்கு 35க்குக் கீழே போக வேண்டாம். நீளம் அதிகமானால் 50 வாங்குங்கள். வெல்டிங் கேபிள் என்று கேட்டு வாங்கினால் நன்றாக வளையும். சந்தையில் செப்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள்களும் விற்கிறார்கள். வெளியே செம்பாகத் தெரியும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். வெள்ளீயம் பூசிய செப்பு இதற்கு நேர்மாறானது. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அதைத் தயங்காமல் வாங்கலாம்.

6. தூண்டு ஒயரைச் சோதியுங்கள்

சொலினாய்டில் இருக்கும் சிறிய டெர்மினலுக்கு, சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் வரும். பல வண்டிகளில் இதன் எண் 50. அந்த ஒயரை அதன் இடத்திலேயே மாட்டி வைத்துக்கொண்டு, டெர்மினலுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையில் அளங்கள். ஒயரைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். சுமை இல்லாதபோது கருகிய தொடுமுனைகூட முழு வோல்ட் காட்டும். மாட்டிய நிலையில் 9 வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் சொலினாய்டு முழு வலுவோடு இழுக்காது.

பழைய வண்டிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இக்னிஷன் சுவிட்ச்தான். சொலினாய்டு உள்ளே இழுக்கும் கணத்தில் முப்பது நாற்பது ஆம்பியர் வரை கேட்கும். வேறு எஞ்சினுக்காகப் போட்ட மெல்லிய ஒயரும் தேய்ந்த சுவிட்சும் அதைத் தாங்காது. 40 ஆம்பியர் ரிலே ஒன்றைச் செல்ஃபுக்கு அருகில் பொருத்தி, சாவியிலிருந்து வரும் ஒயரை 86இலும், எர்த்தை 85இலும், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் ஒயரை 30இலும், சொலினாய்டுக்குப் போவதை 87இலும் இணைத்தால் இந்தத் தொல்லை ஒழியும். ரிலேயும் சாக்கெட்டுமாகச் சில நூறு ரூபாயில் முடியும்.

ஒயரில் மின்சாரமே வரவில்லையென்றால் ஃப்யூஸ், நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் மிதியில் உள்ள சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். இமொபிலைசர் என்ற மின்னணுத் திருட்டுத் தடுப்பு உள்ள புதிய கார்களில், எஞ்சினோடு கணினிப் பெட்டியும் மாறியிருந்தால் சாவியை அது அடையாளம் காணாமல் செல்ஃபைத் தடுத்துவிடக்கூடும். அதற்கு ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

எதுவும் புலப்படாதபோது, எண் 30 திருகாணிக்கும் எண் 50 டெர்மினலுக்கும் இடையில் ஒரு தடித்த ஒயர்த் துண்டை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். செல்ஃப் முழு வலுவோடு எடுத்தால் மோட்டார், பேட்டரி, எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பழுது தூண்டு ஒயரில் மட்டும்தான். இதைச் செய்யும்போது பொறி பறக்கும். கையில் மோதிரமோ உலோக வார்க் கடிகாரமோ இருக்கக் கூடாது.

7. இந்த எஞ்சினுக்கு உரிய மோட்டார்தானா?

பல் அரைக்கும் ஒலி, எட்டாத பினியன், மந்தமான சுழற்சி ஆகியவை பொருத்தக் கோளாறின் அடையாளங்கள். பழைய எஞ்சினின் செல்ஃப் புதிய எஞ்சினில் போல்ட் துளை பொருந்தி உட்கார்ந்துவிட்டது என்பதற்காக அது பொருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். பினியனின் பல் எண்ணிக்கையையும் பல்லின் பருமனையும் ஒப்பிடுங்கள். சுழலும் திசையைப் பாருங்கள். மோட்டாரின் உடல் எஞ்சின் பக்கம் இருக்கும் வண்டிக்கும் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் வண்டிக்கும் பினியன் சுழல வேண்டிய திசை நேர்மாறானது. எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையில் இருந்த தகடு விடுபட்டுப்போனால், அதன் தடிமன் அளவுக்குப் பினியன் ரிங் கியரை நெருங்கிவிடும். ஓய்வு நிலையில் பினியனின் முகத்துக்கும் ரிங் கியருக்கும் இடையில் பொதுவாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

பழைய பொருட்கள் விற்கும் இடங்களில், சென்னை புதுப்பேட்டை போன்ற பெரிய சந்தைகளில்கூட, கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஒரே உருவத்தில் 12 வோல்ட் மோட்டாரும் 24 வோல்ட் மோட்டாரும் வரும். 24 வோல்ட் மோட்டார் 12 வோல்ட்டில் சுற்றத்தான் செய்யும். எஞ்சினை எடுக்கும் வலு மட்டும் இருக்காது. பெயர்த் தகட்டில் வோல்ட், கிலோவாட், சுழல் திசை மூன்றையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். தகடு பிய்ந்துபோன மோட்டாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சில நேரம் எடுத்துச் சில நேரம் அரைத்தால், எஞ்சினைக் கையால் கால் சுற்று நகர்த்திவிட்டு மீண்டும் முயலுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கம்ப்ரஷன் காரணமாகப் பெரும்பாலும் இரண்டு குறிப்பிட்ட நிலைகளில்தான் நிற்கும். ஆகவே ரிங் கியரின் பற்களும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நகர்த்தியபின் எடுத்தால் ரிங் கியரை மாற்ற வேண்டும். இன்னும் எஞ்சினைப் பொருத்தாமல் இதைப் படிப்பவர்கள், கியர்பாக்ஸைச் சேர்க்கும் முன்பே ஃப்ளைவீலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பற்களைப் பார்த்துவிட்டால், பிற்பாடு கியர்பாக்ஸை இறக்கும் கூலி மிச்சமாகும்.

8. இப்போது மோட்டாரைக் கழற்றலாம்

மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்பேனரை எடுங்கள். கழற்றிய மோட்டாரைப் பெஞ்ச் வைஸில் இறுக்கிப் பிடித்தபின் ஜம்பர் கேபிளால் இயக்குங்கள். தரையில் வைத்து இயக்கினால் துள்ளிக் காலில் விழும். பினியன் முழுதாக வெளியே வருகிறதா, ஒரு திசையில் பூட்டி மறு திசையில் கையால் சுற்ற வருகிறதா என்று பாருங்கள். ஆனால் பெஞ்சில் நன்றாகச் சுற்றுகிறது என்பதை மட்டும் வைத்து மோட்டார் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சுமை இல்லாமல் சுற்றுவதற்கு மிகக் குறைந்த வலுவே போதும். பட்டறையில் காட்டப்படுவது பெரும்பாலும் இந்தச் சோதனை மட்டும்தான்.

பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் கார்பன்களின் நீளம், ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் சுருள் தண்டின்) செப்புப் பட்டைகள், இரு முனைப் புஷ்கள் ஆகியவற்றைப் பாருங்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் பக்கவாட்டில் சாய்ந்து உள்சுவரில் உரசும். குளிர்ந்திருக்கும்போது எடுத்து, சூடானபின் எடுக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். புதிய எஞ்சினின் சைலன்சர் குழாய் மோட்டாரை ஒட்டிப் போனாலும் அதே அறிகுறி தோன்றும். அப்போது நடுவில் ஒரு வெப்பத் தகடு வைக்க வேண்டும். கார்பன், புஷ் மாற்றும் வேலை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆர்மேச்சருக்குச் சுருள் கட்ட வேண்டியிருந்தால் கூடுதல் நாட்கள் ஆகும், அந்தச் செலவோடு புதிய மோட்டாரின் விலையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

9. ரசீதுகள், ஆர்.சி., கால அளவு

பேட்டரியின் வோல்ட், இயக்கும்போதான வோல்ட், எர்த் இழப்பு, பாசிட்டிவ் இழப்பு ஆகிய நான்கு அளவுகளையும் தேதியோடு எழுதிவைத்து, மீட்டரைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, உங்கள் ஒயரிங்தான் அதைக் கெடுத்தது என்று கடைக்காரர் சொல்வதற்கு அந்தத் தாள்தான் பதில். பழைய மோட்டாரைக் கொடுத்துக் கழிவு பெறும் வழக்கம் பல கடைகளில் உண்டு; ஆனால் புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும் வரை பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்.

எஞ்சின் எண் மாறியிருப்பதால் காகித வேலையும் உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியில் செய்யப்பட்ட மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்கிறது. அனுமதியை எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பே கேட்டுப் பெறுவதுதான் பாதுகாப்பானது. பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறுவதுபோல வகையே மாறும் என்றால் முதலில் அலுவலகத்துக்குப் போய் அது முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் எஞ்சின் தேட வேண்டும். சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எஞ்சின் எண் குறிப்பிட்ட விற்பனை ரசீது, அந்த எஞ்சின் இருந்த பழைய வண்டியின் ஆவண நகல், உங்கள் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு அலுவலக ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன் ஒரு நாள் முழுவதும் ஓட்டி, குளிர்ந்த நிலையிலும், நன்றாகச் சூடானபின் அணைத்துக் கால் மணி நேரம் கழித்தும் செல்ஃப் எடுக்கிறதா என்று பாருங்கள். எர்த்துக்காகப் பெயிண்டைத் தேய்க்கும்போது எஞ்சின் எண் பொறித்த பகுதியில் உப்புத்தாளையோ கிரைண்டரையோ கொண்டுபோகாதீர்கள். அங்கே படிந்த பெயிண்டைத் தின்னரில் நனைத்த துணியால் மட்டும் துடைத்தெடுங்கள். எழுத்துகளின் விளிம்பு தேய்ந்திருந்தால், எண்ணைத் திருத்தியிருக்கிறார்களோ என்ற சந்தேகம் ஆய்வாளருக்கு வரும். ரசீது கையில் இருந்தாலும் அதைத் தீர்ப்பதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.